50 மொழி கற்ற அதிசய மனிதர். கேட்டால் “மூன்றுதான்” என்பார்!

சவுகார்பேட்டையில் ஒரு கடை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சேட், வீட்டில் மார்வாடி பேசுவார். வாடிக்கைக்காரரிடம் தமிழ் பேசுவார். குண்டூர் வியாபாரி டெலிபோனில் வந்தால் தெலுங்கு. வடக்கே இருந்து வரும் லாரி டிரைவரிடம் இந்தி. ரசீது போடுவது இங்கிலீஷில்.

ஆக மொத்தம் 5 மொழி. நம் ஊரில் இதை யாரும் பெரிய விஷயமாக நினைப்பது கிடையாது.

ஆனால், 50 மொழி கற்ற மனிதர் ஒருவர் இருந்தார். பெயர், கென் ஹேல். அமெரிக்கர்.

அவர் கற்ற மொழிகளில் பல, கடையில் “30 நாளில்” புத்தகம் வாங்கிப் படிக்கக் கூடியவை அல்ல. புத்தகமே இல்லாத மொழிகள். எழுத்து இல்லாத மொழிகள். சில மொழிகளைப் பேசுவதற்கு உலகத்திலேயே விரல் விட்டு எண்ணக் கூடிய சில கிழவர்கள்தான் பாக்கி இருந்தார்கள். அந்தக் கிழவர்களைத் தேடிப் போய், அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டவர், ஹேல்.

ஏன் அப்படி அலைந்தார்? அதனால் யாருக்கு என்ன பிரயோசனம்?

கேளுங்கள்.

காளை மீது சவாரி

ஹேல் பிறந்தது 1934-ம் ஆண்டு. சின்ன வயதிலேயே குடும்பம் அரிசோனா மாநிலத்துக்குப் போய்விட்டது. அங்கே மாட்டுப் பண்ணை. மெக்சிகோ எல்லை பக்கத்திலேயே இருந்தது. எனவே, ஸ்பானிய மொழி பையனுக்குத் தானாகவே வந்துவிட்டது.

பையனுக்கு மாடுகள் மீதும் பிரியம் அதிகம். கல்லூரியில் படிக்கும்போது காளை சவாரிப் போட்டியில் கலந்துகொண்டு ஜெயித்திருக்கிறார். நம் ஊர் ஜல்லிக்கட்டில் திமிலைப் பிடித்துத் தொங்குவார்கள். அங்கே காளையின் முதுகிலேயே ஏறி, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, விழாமல் தாக்குப் பிடிக்க வேண்டும். அந்தப் போட்டியில் கிடைத்த பெல்ட் பக்கிளைப் பெரிய பேராசிரியர் ஆன பிறகும் இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் வகுப்புக்கு வருவார்.

அவரது மொழிப் பைத்தியம் ஆரம்பித்தது பள்ளிக்கூட விடுதியில்.

ஹேலுடன் அறையில் தங்கிய ஒரு பையன், ‘ஹோபி’ என்ற பழங்குடியைச் சேர்ந்தவன். அவனிடம் ஹோபி மொழி கற்றார். இன்னொரு பையன் ‘ஹேமெஸ்’ பழங்குடி. அவனிடம் அந்த மொழியைக் கற்றார். பிறகு ‘நவஹோ’ மொழி. வாத்தியார் கிடையாது, பாடப் புத்தகம் கிடையாது, பரீட்சையும் கிடையாது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நண்பன்தான் குரு!

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பழங்குடிப் பிள்ளைகள் பலரை அரசாங்க விடுதிப் பள்ளிகளில் சேர்த்து, தாய்மொழியில் பேசினால் தண்டனை கொடுத்த கதை ஊரறிந்தது. அப்படிப்பட்ட நாட்டில், ஒரு வெள்ளைக்காரப் பையன் தேடி வந்து, “உன் மொழியை எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேட்டால், அது சாதாரணக் காரியமா?

முதலில் கை, கால்

ஒரு புது மொழியை எப்படிக் கற்பார்?

முதலில் உடம்பு உறுப்புகளின் பெயர். தலை, கண், மூக்கு, கை, கால். தொட்டுக் காட்டினால் போதும். எதிரில் இருப்பவர் பெயரைச் சொல்லிவிடுவார். அப்புறம் பிராணிகளின் பெயர். இந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அந்த மொழியின் ஓசைகளைப் பிடித்துக்கொள்வார். நம் ழகரத்தை வெளியூர்க்காரர் எப்படித் தடவுகிறார்? அந்தத் தடவல் இல்லாமல், சொந்தக்காரர் போலவே உச்சரிக்கும் வரை விடமாட்டார். ஓசை பிடிபட்ட பிறகுதான் வாக்கியம்.

“10 நிமிடத்தில், 15 நிமிடத்தில் ஒரு மொழியைக் கற்றுவிடுவார்” என்று கூடக் கதை பரவியது. ஹேல் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த நேரத்துக்குள் மொழியின் அடிப்படை ஓரளவு பிடிபடும், அவ்வளவுதான் என்பார்.

“50 மொழி பேசுவீர்களாமே?” என்று யாராவது கேட்டால், அதையும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

“பேசுவது வேறு, சில விஷயங்களைச் சொல்லத் தெரிவது வேறு” என்பது அவர் கட்சி. ரெயிலில் இடம் கேட்கவும், காய்கறிக்கு விலை பேசவும் தெரிந்தால், அது சொல்லத் தெரிவது. வீட்டுப் பெரியவரிடம் பணிவாகவும், சிநேகிதனிடம் கிண்டலாகவும், துக்க வீட்டில் ஆறுதலாகவும் வாய் திறக்க முடிந்தால்தான், அது பேசுவது. அந்தக் கணக்குப்படி தமக்குப் பேசத் தெரிந்தது 3 மொழிகள்தான் என்பார். இங்கிலீஷ், ஸ்பானிஷ், அப்புறம் வால்பிரி.

முதல் இரண்டும் நமக்குத் தெரியும். அது என்ன வால்பிரி?

பாலைவனத்து மொழி

வால்பிரி, ஆஸ்திரேலியாவின் நட்ட நடுவே, பாலைவனத்தில் வாழும் பழங்குடியினரின் மொழி. பேசுகிறவர்கள் சில ஆயிரம் பேர்.

1788-ம் ஆண்டில் வெள்ளைக்காரர்கள் குடியேறத் தொடங்கியபோது, ஆஸ்திரேலியாவில் 250-க்கும் மேற்பட்ட மொழிகள் இருந்தன. துப்பாக்கி, நோய், நிலப்பறிப்பு, பிள்ளைகளைத் தாயிடம் இருந்து பிரித்த சட்டம் எல்லாம் சேர்ந்து, அவற்றில் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டன. மிஞ்சியதைக் கேட்க, டேப் ரிக்கார்டருடன் 1959-ம் ஆண்டில் அங்கே போனார் ஹேல். 2 வருடம் சுற்றினார்.

வால்பிரிக்காரர்கள் அவரைத் தங்களில் ஒருவராகவே ஏற்றுக்கொண்டார்கள். ‘ஜப்பானங்கா’ என்று தங்கள் குலப்பிரிவுப் பெயரையும் கொடுத்தார்கள். அந்தப் பெயர் கிடைத்துவிட்டால், ஊரில் யார் அண்ணன், யார் மாமன், யாரிடம் கேலி பேசலாம், யாரிடம் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதெல்லாம் முடிவாகிவிடும். சொந்தம் கொண்டாடித்தான் அங்கே பேசவே முடியும்.

அவர்களிடம் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. வாலிபர்களுக்குச் சடங்கு நடக்கும்போது, பெரியவர்கள் எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்வார்கள். “நான் தரையில் உட்கார்ந்திருக்கிறேன்” என்று சொல்ல வேண்டுமா? “வேறொருவன் வானத்தில் நின்றுகொண்டிருக்கிறான்” என்பார்கள்! நானுக்கு எதிர் வேறொருவன், தரைக்கு எதிர் வானம், உட்காருவதற்கு எதிர் நிற்பது.

விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால், ஒவ்வொரு சொல்லுக்கும் சரியான எதிர்ச்சொல் எது என்று தெரியாமல் இதைப் பேச முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் என்று உலகம் நினைத்தவர்கள், இலக்கணத்தில் இப்படி விளையாடிக் கொண்டிருந்தார்கள். இதை 1971-ம் ஆண்டில் ஒரு கட்டுரையாக எழுதி உலகத்துக்குத் தெரிவித்தார் ஹேல்.

நாமா? நாங்களா?

அடுத்து அவர் போன இடம், வட ஆஸ்திரேலியாவில் உள்ள மார்னிங்டன் தீவு. அங்கே உள்ளவர்களின் மொழி, லார்டில்.

தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. “நாம் சினிமாவுக்குப் போகலாம்” என்றால் உங்களுக்கும் டிக்கெட் உண்டு. “நாங்கள் சினிமாவுக்குப் போகிறோம்” என்றால், நீங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்! இங்கிலீஷில் இந்த வித்தியாசம் கிடையாது. இரண்டுக்கும் ஒரே சொல்.

லார்டில் மொழியில் இந்த வித்தியாசமும் உண்டு. இதற்கு மேலும் உண்டு. ‘நாங்கள் இரண்டு பேர்’ என்று சொல்லும்போது, கூட இருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். அண்ணன், தம்பி, தாத்தா, பேரன் என்றால் ஒரு சொல். அப்பா, பிள்ளை என்றால் வேறு சொல். அதாவது, ஒரே தலைமுறையும், ஒன்று விட்டு ஒன்றும் ஒரு கட்சி. அடுத்தடுத்த தலைமுறை எதிர்க்கட்சி. தாத்தா பெயரைத் தாங்குகிறவன் ‘பெயரன்’ ஆகி, ‘பேரன்’ ஆனான் அல்லவா? அந்த உறவு நெருக்கத்தை இவர்கள் இலக்கணத்திலேயே வைத்திருக்கிறார்கள். இப்படியே கணக்குப் போட்டால், நான், நீ, அவன், நாம், நாங்கள் வகைச் சொற்கள் மட்டும் 19!

இதே தீவில் ஆண்களுக்கு மட்டும் இன்னொரு மொழியும் இருந்தது. பெயர், டாமின். பெரிய சடங்கை முடித்த ஆண்கள்தான் அதைக் கற்பார்கள். அதில் 19-க்குப் பதில் இரண்டே சொல். ஒன்று ‘நான்’. மற்றது ‘நான் அல்லாதவர்’. மொத்தச் சொற்களே சுமார் 200-க்குள். முள் உள்ள மீன் எதுவானாலும் ஒரே பெயர். இந்தக் கொஞ்சம் சொற்களைச் சேர்த்துச் சேர்த்து, எல்லா விஷயத்தையும் பேசிவிடுவார்கள்.

ஓசைகளும் அதிசயம்தான். பரிதாபப்பட்டு நாம் உச்சுக் கொட்டுகிறோமே, அந்த மாதிரி ஓசைகள் டாமினில் எழுத்துகளாகவே இருந்தன. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேறு எந்த மொழியிலும் இப்படிக் கிடையாது. மூச்சை உள்ளே இழுத்துச் சொல்லும் ஓசையும் ஒன்று உண்டு.

தீவுக்கு 1914-ம் ஆண்டில் பாதிரிமார்களின் மிஷன் வந்தது. சடங்குகள் தடைப்பட்டன. சடங்கு நின்றதும், டாமினைக் கற்றுக் கொடுப்பதும் நின்றது. ஹேல் 1960-ம் ஆண்டில் போனபோது, அதை அறிந்த முதியவர்கள் சிலர்தான் இருந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல, ஹேல் பதிவு செய்துகொண்டார். பிறகு அந்த முதியவர்களும் போய்விட்டார்கள்.

கொஞ்ச வருடம் தாமதித்துப் போயிருந்தால்? இப்படி ஒரு மொழி இருந்தது என்பதற்கே சரியான சாட்சி இருந்திருக்காது.

பிள்ளைகளிடம் வால்பிரி

ஆஸ்திரேலியாவில் இருந்து அமெரிக்கா திரும்பிய ஹேல், 1967-ம் ஆண்டில் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். 1999-ம் ஆண்டில் ஓய்வு பெறும்வரை அங்கேதான் பேராசிரியர்.

அவருக்கு 4 மகன்கள். அதில் இரண்டு பேர் இரட்டையர்கள். அந்த இரட்டையர்களுக்கு வால்பிரி மொழியைப் பேசிப் பேசியே கற்றுக் கொடுத்தார்! அமெரிக்காவில் வீடு. அப்பாவும் பிள்ளைகளும் பேசுவது ஆஸ்திரேலியப் பாலைவன மொழி. அக்கம் பக்கத்தில் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது.

இது விளையாட்டு அல்ல. பிள்ளைகள் வாயில் புழங்காத மொழி நிலைக்காது என்பதை அவர் நேரில் பார்த்து வந்திருக்கிறார்.

1974-ம் ஆண்டில் ஆஸ்திரேலியாவுக்குப் போய், பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிலும் பாடம் நடத்துவது எப்படி என்று இன்னொரு அறிஞருடன் சேர்ந்து அரசாங்கத்துக்குச் சிபாரிசு செய்தார். 1980-களின் பிற்பகுதியில் மத்திய அமெரிக்காவில் உள்ள நிகரகுவா நாட்டுக்குப் போய், சில நூறு பேர் மட்டுமே பேசிய ‘உல்வா’ மொழிக்கு அகராதி தயாரிக்க, அந்த ஊர்க்காரர்களுக்குத் துணை நின்றார்.

1992-ம் ஆண்டில் ஹேலும் சக அறிஞர்களும் சேர்ந்து உலகத்துக்கு ஓர் எச்சரிக்கை விட்டார்கள். அலாஸ்காவைச் சேர்ந்த மைக்கேல் கிராஸ் என்ற அறிஞர் அதில் போட்ட கணக்கு, எல்லோரையும் திடுக்கிட வைத்தது. உலகில் சுமார் 6 ஆயிரம் மொழிகள். போகிற போக்கில் போனால், அடுத்த 100 ஆண்டுகளுக்குள் அதில் 90 சதவீதம் செத்துவிடும், அல்லது சாகும் நிலைக்கு வந்துவிடும்.

எங்கேயோ நடக்கிற சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். ஊட்டிப் பக்கம் தோடர்கள் பேசும் மொழியும், கோத்தர்கள் பேசும் மொழியும் மிகவும் ஆபத்தான நிலையில் இருப்பதாக யுனெஸ்கோ பட்டியல் சொல்கிறது.

ஒரு மொழி அழிவது, பாரீஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தின் மீது குண்டு போடுவதற்குச் சமம் என்று சொன்னார் ஹேல்.

“நீங்களே படியுங்கள்”

ஹேலுக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே இல்லை. வெளியூர்க்காரன் எவ்வளவு கற்றாலும் வெளியூர்க்காரன்தான். அவன் கற்பதால் மட்டும் மொழி பிழைக்காது. அந்த மொழிக்குச் சொந்தக்காரர்களே படித்து, அறிஞர்கள் ஆகி, தங்கள் மொழியைத் தாங்களே ஆராய வேண்டும்.

எனவே, பழங்குடி மாணவர்களை எம்.ஐ.டி.க்கு அழைத்து வந்தார். 1978-ம் ஆண்டில் நவஹோ இனத்தைச் சேர்ந்த பால் பிளட்டேரோ, ஹோபி இனத்தைச் சேர்ந்த லாவெர்ன் ஜீன் ஆகியோர் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார்கள். ஹோபியும் நவஹோவும் கற்ற கடனை, ஹேல் இப்படித் திருப்பிக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

கடைசிக் காலத்தில் அவரிடம் வந்த மாணவியின் கதை இன்னும் பெரிது.

பத்திரங்கள் காப்பாற்றிய மொழி

அந்த மாணவியின் பெயர் ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட். சமூகநலப் பணியாளராக வேலை பார்த்தவர். வாம்பனோவாக் என்ற பழங்குடியைச் சேர்ந்தவர். 1620-ம் ஆண்டில் கப்பலில் வந்து இறங்கிப் பசியால் வாடிய இங்கிலீஷ்காரர்களுக்கு உதவி செய்து பிழைக்க வைத்தவர்கள், அந்த இனத்தார்.

பிழைத்தவர்கள் பெருகினார்கள். பிழைக்க வைத்தவர்களின் மொழி, 19-ம் நூற்றாண்டிலேயே பேச்சில் இருந்து மறைந்துவிட்டது. பேச ஓர் ஆள் இல்லை. டேப் இல்லை. பாட்டி, தாத்தா ஞாபகமும் இல்லை.

1993-ம் ஆண்டு வாக்கில் அவருக்குக் கனவுகள் வந்தன. கனவில் வந்தவர்கள் தமது இனத்து முகச்சாடையுடன் இருந்தார்கள். ஆனால், பேசியது புரியவில்லை. “அது எங்கள் முன்னோர் மொழியோ?” என்ற எண்ணம் அவரை விடவில்லை. மொழி ஆராய்ச்சி என்றால் என்னவென்றே படித்திராத அந்தப் பெண்மணி, எம்.ஐ.டி. வாசலில் வந்து நின்றார். ஹேல் அவருக்கு வாத்தியார் ஆனார்.

பேச ஆள் இல்லாத மொழியை எதை வைத்துக் கற்பது?

எழுத்து இருந்தது! 1663-ம் ஆண்டில் அந்த மொழியில் பைபிள் அச்சானது. அமெரிக்க மண்ணில் அச்சான முதல் பைபிளே அதுதான். அச்சான ஊர், கேம்பிரிட்ஜ். எம்.ஐ.டி. இருப்பதும் அதே ஊர்! அது மட்டும் அல்ல. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட வாம்பனோவாக் மக்கள், நிலப் பத்திரம், உயில், கடிதம், மனு எல்லாவற்றையும் தங்கள் மொழியிலேயே எழுதி வைத்திருந்தார்கள். நிலத்தைக் காப்பாற்ற எழுதிய பத்திரங்கள் பல, நிலத்தைக் காப்பாற்றவில்லை. மொழியைக் காப்பாற்றின.

உச்சரிப்புக்கு என்ன செய்வது? அதற்கும் வழி இருந்தது. தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. தமிழில் பல், அங்கே ஹல்லு. தமிழில் பூ, அங்கே ஹூ. இந்த ஒழுங்கு தெரிந்தால், ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்கலாம் அல்லவா? அதே மாதிரி, வாம்பனோவாக்கின் அக்கா, தங்கை மொழிகள் சில இன்னும் உயிரோடு இருந்தன. அவற்றோடு ஒப்பிட்டு ஒவ்வொரு சொல்லாக மீட்டார்கள்.

2000-ம் ஆண்டில் பேர்ட் பட்டம் பெற்றார். 2001-ம் ஆண்டு அக்டோபர் 8-ந் தேதி ஹேல் காலமானார். வயது 67.

துக்க வீட்டில்

அவருக்கு நடந்த அஞ்சலியில், இரட்டையர்களில் ஒரு மகன் எழுந்து நின்று அப்பாவைப் பற்றிப் பேசினார்.

அவர் பேசியது, வால்பிரி மொழியில்!

துக்க வீட்டில் வாய் திறக்க முடிந்தால்தான் அது பேசத் தெரிந்த மொழி என்ற கணக்கில், அந்த மகன் தேறிவிட்டார்.

2004-ம் ஆண்டில் பேர்டுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தது முதல் அம்மா அந்தக் குழந்தையுடன் வாம்பனோவாக் மொழியில் பேசினார். நூறு வருடத்துக்கும் மேலாகத் தாய்மொழியாக ஒருவருக்கும் இல்லாத மொழியை, தாய்மொழியாகப் பேசி வளர்ந்த முதல் பிள்ளை அது. மொழியை மீட்ட பணிக்காக 2010-ம் ஆண்டில் பேர்டுக்கு அமெரிக்காவின் பெரிய பரிசுகளில் ஒன்றான மெக்ஆர்தர் பரிசு கிடைத்தது.

அந்தக் குழந்தையைப் பார்க்க ஹேல் இல்லை.

50 மொழி கற்றவர் தம்மால் முடிந்த அளவுக்குச் செய்துவிட்டுப் போனார். மீதி வேலை, ஓர் அம்மா தொட்டில் பக்கத்தில் உட்கார்ந்து செய்தது. தலை, கண், மூக்கு, கை, கால் என்று தொட்டுத் தொட்டுக் காட்டி.